வெள்ளிப் பாடல்களும் வேற்றுக் கைகளும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரைத் தாங்கித் தமிழில் பாரதம் பாடிய கவிஞர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். நடுநாட்டுச் சனியூரில் பிறந்தவர். பெரியாழ்வார் மீது கொண்ட பக்தியால் தந்தை அவருக்கு வில்லிபுத்தூரார் என்று பெயரிட்டார் என்று சொல்லிவருகிறார்கள். வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் அவர் பாடிய பாரதம் நாலாயிரத்துச் சொச்சம் பாடல்களோடு, பத்தாவது பருவமான சௌப்திக பருவத்தில் நின்றுவிடுகிறது. போர் முடிந்து, பாசறையில் உறங்கியவர்களை அசுவத்தாமன் கொன்று தீர்த்த இரவோடு கதை அடங்குகிறது. மூலத்தில் இருக்கும் மற்ற எட்டுப் பருவங்களை வில்லி தொடவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பதினெட்டாம் நூற்றாண்டில், செஞ்சிப் பகுதி முதலம்பேட்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை அந்த வேலையை எடுத்துக்கொண்டார். வில்லியின் பாடல்களைத் தம் நூலுக்குள் ஏற்று, இடையிலும் பின்னும் தம் பாடல்களைச் சேர்த்து, பதினெட்டுப் பருவங்களும் கொண்ட ஏறத்தாழ 14,000 பாடல்களாக்கினார். அந்த நூலை யாரும் வில்லிபாரதத்தின் இரண்டாம் பாகம் என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் நல்லாப்பிள்ளை பாரதம்.

சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நீளும் இந்தப் பகுதியின் பெயரோடு ஒட்டிக்கிடக்கும் இந்தப் பழைய செய்தியை, இன்றைய அனிமேஷன் படத் தொழிலைப் பற்றிப் பேசும்போது நினைவுகூரக் காரணம் இருக்கிறது. ஒரு படத்தைக் கற்பனை செய்து, வரைந்து, உயிர் கொடுத்த ஸ்டூடியோ ஒதுங்கிக்கொள்கிறது, அல்லது ஒதுக்கப்படுகிறது. கதாபாத்திரங்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் வேறு ஆட்களை வைத்து இரண்டாம் பாகம் எடுக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இது உலகெங்கும் பலமுறை நடந்திருக்கிறது. இந்தியக் கலைஞர்களின் கைகள் அதில் நிறையவே ஈடுபட்டிருக்கின்றன. ரசிகர்கள் இதைப் பெரும்பாலும் துரோகமாகவே பார்க்கிறார்கள்: மூலவர் இல்லாத தொடர்ச்சி போலி என்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றையும் இந்தத் தொழிலின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கெடுதல் வேறோர் இடத்தில் இருப்பது தெரிகிறது. தொடர்கிறவரைத் தம் குரலில் பேச விடாமல், மூலவரின் குரலைப் போலவே பேச வைக்கும்போதுதான் படைப்பு சாகிறது. வேற்றுக் கை வருவதால் அல்ல, அந்தக் கையை மறைப்பதால்தான் சேதம் வருகிறது.

இதற்குத் தமிழில் கம்பராமாயணத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. கம்பர் இராமனுக்கு முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து, யுத்த காண்டத்தோடு நிறுத்திக்கொண்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டத்தை அவர் பாடவில்லை. தமிழில் வழங்கும் உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு சொல்கிறது. அந்த மரபு எந்த அளவுக்கு உண்மை என்பது வேறு கேள்வி. நாம் கவனிக்கவேண்டியது, கம்பரின் ஆறு காண்டங்களுக்குப் பின்னால் வந்த ஏழாவது காண்டத்தைத் தமிழர்கள் வேறொருவர் பெயரில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதே. அதைப் படிக்கிறவர் கம்பரைத் தேடி ஏமாறுவதில்லை. பிடித்தால் படிக்கிறார், பிடிக்காவிட்டால் யுத்த காண்டத்தோடு நூலை மூடிவிடுகிறார். கம்பருக்கு எந்தக் குறையும் இல்லை.

அதே கம்பராமாயணத்துக்குள் இன்னொரு வகைத் தொடர்ச்சியும் நடந்தது. ஏடு பெயர்த்து எழுதியவர்களும் கதாகாலட்சேபம் செய்தவர்களும் புலவர்களும் தங்களுக்குத் தோன்றிய பாடல்களைக் கம்பரின் சந்தத்தில், கம்பரின் சொல்லைப் போலச் செய்து, இடையிடையே செருகினார்கள். இவற்றுக்கு வெள்ளிப் பாடல்கள் என்று பெயர். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் பாடிச் சேர்த்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கமும் உண்டு. பெயர் போடாமல் உள்ளே நுழைந்த இந்தப் பாடல்களைப் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்கவேண்டியிருந்தது. சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, மிகைப் பாடல்கள் என்று தனியே ஒதுக்கினார்கள். ராஜபாளையத்திலிருந்து தெற்கே அதே மலையடிவாரச் சாலையில் போனால் வரும் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. உட்கார்ந்து, சுவடியைவிடத் தம் ரசனையையே துலாக்கோலாக வைத்துக் கம்பரிலிருந்து பாடல்களை நீக்கினார், சொற்களைத் திருத்தினார். அவர் கவிதையை நேசித்ததில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவர் நீக்கியவற்றில் கம்பருடையவையும் போயிருக்கும் என்று புலவர்கள் கொதித்ததிலும் நியாயம் இருக்கிறது. கை மறைந்திருந்தால் இதுதான் விளைவு. செருகினவருக்குப் பெயர் கிடைக்கவில்லை, மூலவரின் சொத்தும் சந்தேகத்துக்குள்ளானது. வெள்ளிப் பாடல் எழுதியவர்களில் திறமைசாலிகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? சில பாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. அவர்கள் தனி நூல் பாடியிருந்தால் இன்று அவர்களையும் நாம் பெயர் சொல்லிப் பேசியிருப்போம்.

அனிமேஷனுக்கு வருவோம். திரைப்படத்தின் மற்ற வகைகளைவிட இதில் மூலவரை விலக்குவது எளிது. நடிகர் முகம் கிடையாது. கதாபாத்திரம் என்பது ஒரு மாடல் ஷீட்: முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், சிரிக்கும் வாய், கோபப்படும் புருவம், தலை எத்தனை பங்கு, உடல் எத்தனை பங்கு என்று வரைந்து வைத்த தாள். அந்தத் தாளை யாரிடம் கொடுத்தாலும், பயிற்சி உள்ள கை அதே உருவத்தை வரைந்துவிடும். கம்ப்யூட்டர் அனிமேஷனில் தாளுக்குப் பதில் கோப்பு. தொழில் முழுவதும் இந்த வசதியின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. ஒரே பாத்திரத்தை நூறு பேர் வரைந்தாலும் திரையில் ஒருவராகவே தெரியவேண்டும். அதோடு, வரைந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள், பாத்திரம் முதல் போட்டவருக்குச் சொந்தம். ஆகவே உரிமை வைத்திருப்பவருக்கு ஓர் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது: மாடல் ஷீட் நம் கையில் இருக்கிறது, வரைந்தவர்கள் இருந்தால் என்ன, போனால் என்ன?

இந்த எண்ணத்தைப் பெரிய வியாபாரமாக்கிக் காட்டியது டிஸ்னி. 1992இல் வந்த 'அலாதீன்' படத்தின் தொடர்ச்சியாக 1994இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' நேராக வீடியோ கேசட்டாக வெளிவந்தது. முதல் படத்தை எடுத்த திரைப்படப் பிரிவு அதை எடுக்கவில்லை. தொலைக்காட்சிப் பிரிவும் வெளிநாட்டுக் கிளை ஸ்டூடியோக்களும் சேர்ந்து, முதல் படத்தின் செலவில் ஒரு சிறு பங்கில் முடித்தன. பூதத்துக்கு ராபின் வில்லியம்ஸ் குரல்கூடக் கிடையாது. இருந்தும் ஒரு கோடிக்கும் மேல் கேசட்டுகள் விற்றன. அதன்பின் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் 'லயன் கிங்', 'சிண்ட்ரெல்லா', 'பாம்பி' என்று டிஸ்னியின் செல்வங்கள் பலவற்றுக்கும் இரண்டாம் பாகம் வந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. டான் புளூத் 1988இல் இயக்கிய 'தி லேண்ட் பிஃபோர் டைம்' என்ற டைனோசர் படத்துக்கு அவர் இல்லாமலே பதின்மூன்று தொடர் பாகங்கள் எடுக்கப்பட்டன. எலிகளின் கதையாக அவர் 1982இல் செய்த 'தி சீக்ரெட் ஆஃப் நிம்' இருளும் ஆழமும் கொண்ட படம். 1998இல் அவர் இல்லாமல் வந்த இரண்டாம் பாகத்தில் எலிகள் பாடி ஆடுகின்றன. உருவம் அதுவேதான். ஆனால் முதல் படத்தில் அந்தத் தாய் எலியின் முகத்தில் இருந்த அச்சத்தை யாரும் மாடல் ஷீட்டில் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் ஒரு ஸ்டூடியோவின் உண்மையான சொத்து எது? இதற்குப் பிக்ஸார் வரலாற்றில் ஒரு துல்லியமான சான்று கிடைக்கிறது. 'டாய் ஸ்டோரி 2' முதலில் வீடியோவுக்கான சிறு படமாகத்தான் தொடங்கியது. முதல் படத்தின் கதைக்குழுவினர் 'எ பக்ஸ் லைஃப்' படத்தில் இருந்ததால், பிக்ஸாருக்குள்ளேயே வேறொரு குழுவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. 1998இல், யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. மாற்றுப் பிரதியும் கைகொடுக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த ஓர் அலுவலரின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. இந்த நிகழ்ச்சியை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. அவ்வளவு பாடுபட்டு மீட்ட அந்தப் படத்தைப் பார்த்த பழைய கதைக்குழு, இது போதாது என்று முடிவு செய்து, பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுமார் ஒன்பது மாதத்தில் புதிதாகச் செய்தது. 1999 நவம்பரில் வெளியானது அந்தப் படம்தான். கோப்புகள் எல்லாம் இருந்தன, கட்டடம் அதே, மென்பொருள் அதே, நிறுவனத்தின் பெயரும் அதே. கதையை ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிச் சரிசெய்யும் அந்தச் சிலர் இல்லாதபோது அதே ஸ்டூடியோவால்கூடத் தன் படத்தைத் தொடர முடியவில்லை. மாற்றிக்கொடுக்க முடியாத சொத்து இதுதான்: எது வேண்டாம் என்று சொல்லும் துணிவும், அந்தச் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படும் நம்பிக்கையும்.

டிஸ்னி இதைக் கண்டும், 2004இல் பிக்ஸாரோடு ஒப்பந்தப் பேச்சு முறிந்தபோது, பிக்ஸார் இல்லாமல் 'டாய் ஸ்டோரி 3' எடுக்கச் சர்க்கிள் 7 என்ற புதிய ஸ்டூடியோவைத் தொடங்கியது. உரிமை டிஸ்னியிடம் இருந்ததால் சட்டத் தடை ஏதும் இல்லை. பழுதான பொம்மைகளை நிறுவனம் திரும்பப் பெறும்போது பஸ் லைட்இயர் தைவானுக்கு அனுப்பப்படுவதாகவும், மற்றப் பொம்மைகள் அவனைத் தேடிப் போவதாகவும் ஒரு கதை உருவானது. கெட்ட கதை என்று சொல்லிவிட முடியாது. 2006 ஜனவரியில் டிஸ்னி 740 கோடி டாலருக்குப் பிக்ஸாரையே வாங்குவதாக அறிவித்தது, சர்க்கிள் 7 மூடப்பட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் டிஸ்னியின் திரைப்படப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். பிக்ஸார் குழு அந்தப் பழைய கதையைப் படிக்காமலே தன் மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து தொடங்கியது. அது 2010இல் வெளிவந்தது. சர்க்கிள் 7 கலைஞர்களுக்காக நான் வருந்துகிறேன். இரண்டு ஆண்டுகள் அவர்கள் வாங்கிய பெயர் 'பிக்ஸார் அல்லாதவர்கள்' என்பதுதான். அவர்களுக்கென்று ஒரு கதையைக் கொடுத்து, உங்கள் படத்தை எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தியாவின் கதை இங்கிருந்துதான் நமக்கு நெருக்கமாகிறது. 1956இல் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் மும்பை வந்து, பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். புத்தரின் சாதகக் கதையை வைத்து 'தி பன்யன் டீர்' என்ற படம் 1957இல் வந்தது. ராம் மோகன் போன்றவர்கள் அந்தப் பள்ளியில் உருவானவர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தொழில் பெருகியபோது அது வேறு வழியில் பெருகியது. சென்னை, ஹைதராபாத், மும்பை, திருவனந்தபுரம் என்று எழுந்த ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வேலையை வாங்கிச் செய்தன. கதை, பாத்திர வடிவம், ஸ்டோரிபோர்டு எல்லாம் லாஸ் ஏஞ்சலிஸிலோ பாரிஸிலோ முடிந்து இங்கே வரும். இங்கே அசைவு, ஒளி, துணியின் மடிப்பு, நீரின் அலை என்று பார்த்துப் பார்த்துச் செய்து திருப்பி அனுப்புவார்கள். ஏற்றுமதி என்று அரசும் மகிழ்ந்தது. வேலை கிடைத்தது, கை பழகியது, கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆனால் எது வேண்டாம் என்று சொல்லும் அந்த இடம் எப்போதும் கடலுக்கு அப்பால்தான் இருந்தது.

இதன் உச்சம் 2013இல் வந்த 'பிளேன்ஸ்'. பிக்ஸாரின் 'கார்ஸ்' உலகத்தில் நடக்கும் கதை. படத்தை எடுத்தது பிக்ஸார் அல்ல, டிஸ்னிடூன் ஸ்டூடியோ. அனிமேஷன் செய்தது மும்பையின் ப்ராணா ஸ்டூடியோஸ். வீடியோவுக்காகத் திட்டமிட்டு, பிறகு திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். செலவு சுமார் 5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 24 கோடி டாலர். விளம்பரத்தில் 'கார்ஸ்' உலகத்துக்கு மேலே என்று போட்டார்கள். மும்பைக் கலைஞர்கள் செய்த மேகங்களும் உலோகப் பளபளப்பும் அந்தப் பணத்துக்கு வியக்கத்தக்க தரம் உடையவை என்று துணிந்து சொல்வேன். கதையில் இந்தியாவே வருகிறது: தாஜ்மகாலைச் சுற்றி விமானங்கள் பறக்கின்றன, இஷானி என்ற இந்திய விமானத்துக்குப் பிரியங்கா சோப்ரா குரல் கொடுத்தார். மும்பையில் உட்கார்ந்து தாஜ்மகாலை வரைந்தவர்களிடம், இந்த நாட்டின் ஒரு விமானம் எப்படிப் பேசும், எதற்கு அஞ்சும் என்று கேட்டிருந்தால் அந்தக் காட்சி ஒரு சுற்றுலா அஞ்சலட்டையாக நின்றிருக்காது. 2014இல் அடுத்த பாகமும் வந்தது. 2018இல் டிஸ்னிடூன் மூடப்பட்டதோடு அந்த வரிசை முடிந்தது. பாத்திரங்கள், பொம்மைகள், அடுத்த கதையை நடத்தும் உரிமை எல்லாம் உரிமையாளரிடமே இருந்தன.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியும் இந்தியாவில் நடந்திருக்கிறது. 2005இல் வி.ஜி. சாமந்த் இயக்கத்தில் 'ஹனுமான்' வந்தது. பெர்செப்ட் பிக்சர் கம்பெனியும் சில்வர்டூன்ஸ் ஸ்டூடியோவும் சேர்ந்து எடுத்த அந்தக் கையோவியப் படம் இந்தியத் திரையரங்குகளில் குழந்தைகளைத் திரளாகக் கொண்டுவந்தது. அஞ்சனை மகனின் பிறப்பு, சூரியனைப் பழம் என்று பாய்ந்தது, கடல் தாண்டியது என்று எல்லோருக்கும் தெரிந்த கதையை எல்லோருக்கும் தெரிந்த பக்தியோடு சொன்ன படம். இரண்டு ஆண்டுகள் கழித்து 2007இல் பெர்செப்ட் 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' எடுத்தபோது சாமந்தும் இல்லை, சில்வர்டூன்ஸும் இல்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கும் டூன்ஸ் அனிமேஷன் ஸ்டூடியோ படத்தைச் செய்தது. ராஜபாளையத்துக்காரர்கள் செங்கோட்டைக் கணவாய் தாண்டிப் போய்ச் சேரும் அதே திருவனந்தபுரம்தான். இயக்கியவர் அனுராக் காஷ்யப், அதுவரை நிழலுலகக் கதைகளுக்குப் பெயர் பெற்றவர். அவர் முதல் படத்தின் நடையைத் தொடர முயலவே இல்லை. தேவலோகத்தில் இருந்து சலித்த ஹனுமான் பிரம்மாவிடம் வரம் கேட்டு இன்றைய கிராமம் ஒன்றில் மாருதி என்ற சிறுவனாகப் பிறக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான், பெரிய பையன்களிடம் அடிவாங்கும் நண்பனுக்குத் துணை நிற்கிறான். உருவமும் வேறு, நகைச்சுவையும் வேறு. படம் ஒழுங்கானது என்று சொல்லமாட்டேன். பல இடங்களில் தடுமாறுகிறது, பக்தர் மனத்துக்கு உறுத்தக்கூடிய கேலியும் இருக்கிறது. ஆனால் அது யாரையும் போல நடிக்கவில்லை. அந்தத் தடுமாற்றம்கூட அதை எடுத்தவர்களுடைய சொந்தத் தடுமாற்றம்.

ஏன் இது சாத்தியமானது? ஹனுமானுக்கு உரிமையாளர் கிடையாது என்பதுதான் விடை. பெர்செப்ட் நிறுவனம் தன் படத்துக்கு உரிமை கோரலாம், அஞ்சனை மகனுக்குக் கோர முடியாது. அவனைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொருவரும் வால்மீகிக்குப் பின்னால் வந்தவர்களே. சாமந்தின் முதல் படமே மூலவர் இல்லாத ஒரு தொடர்ச்சிதான். எனவே அடுத்து வந்தவருக்கு முன்னவரைப் போல நடிக்கும் கட்டாயம் இல்லை. நல்லாப்பிள்ளை நின்றதும் இதே இடத்தில்தான்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. அனிமேஷன் எப்போதுமே பல கைகளின் வேலை, நூற்றுக்கணக்கானோரின் பெயர் படத்தின் முடிவில் ஓடுகிறதே, அப்புறம் எந்தக் கையை மறைத்தார்கள் என்று கேட்கலாம். பெயர் ஓடுவது உண்மை. ஆனால் கடைசியில் ஓடும் பட்டியலும் கதையின் மீதான அதிகாரமும் ஒன்றல்ல. நாடகக் கொட்டகையில் திரை இழுத்தவர் பெயரையும் நோட்டீஸில் போடலாம், அதனால் அவர் வசனத்தை மாற்ற முடியாது. வேற்றுக் கை தெரியக்கூடாது என்பதே தரத்தின் அளவுகோலாக இருக்கும்வரை, எத்தனை பெயர் ஓடினாலும் கை மறைந்துதான் இருக்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறு. பழைய புலவருக்கும் இன்றைய கலைஞருக்கும் வாழ்க்கை ஒன்றல்ல. நல்லாப்பிள்ளைக்கு மாதத் தவணை கிடையாது. ப்ராணாவில் வேலை செய்த இளைஞருக்கு வாடகை உண்டு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் உண்டு. வெளிநாட்டு வேலை இல்லாவிட்டால் இந்தியாவில் இவ்வளவு பேருக்குக் கை பழகியிருக்குமா? பழகியிருக்காது. இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஹனுமானையும் மாருதியையும் செய்த கைகள் வெளிநாட்டு வேலையில் பழகிய தொழிலிலிருந்தே வந்தவை. கூலிவேலை பள்ளியாக இருந்தது. ஆனால் பள்ளியிலிருந்து ஒருநாள் வெளியே வரவேண்டும். இருபது ஆண்டுகள் பிறர் கையெழுத்தில் எழுதிப் பழகியவருக்குத் தம் கையெழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்றே ஐயம் வந்துவிடும். கொடுக்கப்படாத சம்பளத்தைக் கணக்குப் போடலாம், கேட்கப்படாத யோசனையை எந்தக் கணக்கிலும் ஏற்ற முடியாது.

குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறதே, அது போதாதா என்போரும் உண்டு. பதின்மூன்று டைனோசர் படங்களையும் பார்த்து வளர்ந்த குழந்தைகள் அவற்றை உண்மையாகவே நேசிக்கிறார்கள். அந்த நேசத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வீடியோ வரிசைகளிலேயே நின்று நிலைத்தவை எவை என்று பாருங்கள். டிஸ்னியின் ஆஸ்திரேலியக் கிளையில் உருவாகி 2004இல் வந்த 'லயன் கிங் 1½' இன்றும் மதிப்போடு பேசப்படுகிறது. அது சிம்பாவின் காவியத்தைத் தொடரவில்லை. டிமோனும் பும்பாவும் திரையரங்கில் உட்கார்ந்து பழைய படத்தையே நிறுத்தியும் ஓட்டியும் தங்கள் கதையைச் சொல்வதாக எடுக்கப்பட்டது. நாங்கள் வேறு ஆட்கள், வேறு இருக்கையிலிருந்து பார்க்கிறோம் என்று அந்தப் படமே சொல்லிவிடுகிறது. ஜப்பானில் ஹயாவ் மியாசாகி 1979இல் முதன்முதலாக இயக்கிய முழுநீளத் திரைப்படம் 'தி காசில் ஆஃப் காக்லியோஸ்ட்ரோ'. அதன் நாயகன் லூபின் மங்கி பஞ்ச் என்பவர் வரைந்த காமிக்ஸ் பாத்திரம், கொஞ்சமும் ஒழுக்கம் பார்க்காத திருடன். மியாசாகி அவனை ஒரு சிறுமியின் விடுதலைக்காகப் போராடும் கனிந்த மனிதனாக்கினார். மூலத்தை நேசித்த சிலர் அன்று முகம் சுளித்தனர். இன்று அது மியாசாகியின் படம் என்றே அறியப்படுகிறது.

டிஸ்னியும் ஒரு கட்டத்தில் இதை உணர்ந்தது. பிக்ஸாரை வாங்கியபின் கலைப்பொறுப்பு பிக்ஸாரின் ஜான் லாசெட்டரிடம் வந்தது; 2007இல் பழைய படங்களுக்கு மலிவுத் தொடர்ச்சி எடுக்கும் வேலை நிறுத்தப்பட்டது. ஆனால் ஆறே ஆண்டில், அதே லாசெட்டர் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்து, அவருடைய 'கார்ஸ்' உலகத்திலேயே 'பிளேன்ஸ்' எடுக்கப்பட்டது. உரிமையும் மாடல் ஷீட்டும் ஒரே பெட்டியில் பூட்டியிருக்கும்வரை அந்தச் சபலம் யாருக்கும் முழுதாக விடாது போலும்.

வேறு ஏற்பாடு முடியாததல்ல. அதன் சான்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே, சிவகாசியின் அச்சகங்களில் இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவியின் ஆங்கில மூலத்தையே முதலில் எழுதியவர் கென் புல்மர், அவருக்குப் பின் தொடர்ந்தவர் டாம் டல்லி. இந்த மாவட்டத்தின் சிறுவர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கைமாறிய கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் என்றே சொல்லலாம். காமிக்ஸ் நாயகன் லக்கி லூக்கை 1946இல் உருவாக்கிய மோரிஸ் 2001இல் இறந்தார். பின்னால் வந்த நூல்களின் அட்டையில் 'மோரிஸை அடியொற்றிய லக்கி லூக் சாகசங்கள்' என்ற பொருளில் பிரெஞ்சில் அச்சிட்டு, வரைந்த அஷ்டேயின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் போட்டார்கள். பதின்மூன்று என்ற எண் உடலில் பச்சை குத்தப்பட்டு நினைவிழந்த மனிதனின் கதையை லயன் காமிக்ஸ் 'இரத்தப் படலம்' என்று தமிழுக்குத் தந்தது. அதன் ஆசிரியர் ழான் வான் ஹாம் அந்தக் கதையிலிருந்து விலகியபோது ஒரு ஏற்பாடு நடந்தது. கதையின் துணைப் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நூல், ஒவ்வொரு நூலுக்கும் வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். 2008 முதல் 2018 வரை அப்படிப் பதின்மூன்று நூல்கள் வந்தன. முதல் நூலை ஸாவியே தோரிஸோனும் ரால்ஃப் மேயரும் செய்தார்கள். மேயரின் கோடு மூல ஓவியர் வான்ஸின் கோட்டைப் போல இல்லை. அப்படி இருக்கவேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.